எப்ப ஆடலாம் டாக்டர்?

பன்னெண்டு வருஷமா ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல இருக்கேன், அதுல பாதிக்கு மேல டீம் டாக்டரா. இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான், எப்ப ஆடலாம் டாக்டர்? கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கிட்டே வர்றவங்களும் அதத்தான் கேக்கறாங்க, மண்டையில அடிபட்டு வாந்தி எடுத்துட்டு படுத்திருக்கறவங்களும் அதத்தான் கேக்கறாங்க, எங்க வலிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே தேதி வேணும் அவங்களுக்கு. கோச் கேப்பாரு, அப்பா அம்மா கேப்பாங்க, மேனேஜ்மென்ட்ல இருந்து ஃபோன் வரும். எங்க துறையில இப்ப நடக்கற ரிசர்ச் சண்டை, தொழில் சண்டை எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா கடைசில இங்கதான் வந்து நிக்குது. இந்தக் கேள்விக்கு யாரு பதில் சொல்லணும், எதை வச்சு சொல்லணும்.

ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன். ஃபுட்பால் ஆடுறவ, அப்ப பத்தொன்பது வயசு. ஓடிட்டே இருந்தவ சட்டுனு திசை மாத்தும்போது முழங்கால் உள்பக்கமா மடங்குச்சு, டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான். எம்ஆர்ஐ எடுக்கறதுக்கு முன்னாடியே முழங்காலுக்குள்ள இருக்கற ஏசிஎல்ங்கற ஜவ்வு போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. யாரும் இடிக்கல, தள்ளல, இந்த ஜவ்வு பெரும்பாலும் அப்படித்தான் கிழியும். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ரீஹேப்புக்கு ஒரு நாள் தவறாம வந்தா. ஏழாவது மாசம் டீமுக்கு ஒரு முக்கியமான டோர்னமென்ட் வந்துச்சு. "டாக்டர் எனக்கு வலியே இல்ல, வேணா பாருங்க"ன்னு என் முன்னாடி ஒத்தைக்கால்ல குதிச்சுக் காட்டினா. கோச் தினமும் ஃபோன் பண்ணினாரு. அவ தொடை தசையோட பலம் நல்ல காலோட ஒப்பிட்டா எண்பது சதவீதம்தான் இருந்துச்சு, தொண்ணூறாவது வரணும், அத நானே என் கையால ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன். எழுதி வச்சிட்டும் "சரிம்மா, கடைசி இருபது நிமிஷம் மட்டும் ஆடு"ன்னு சொன்னேன். ரெண்டாவது மேட்ச்ல அதே கால், அதே ஜவ்வு.

அந்த இருபது நிமிஷம்ங்கற கணக்குக்கு எந்த ரிசர்ச்சும் கிடையாது, கோச்சுக்கும் எனக்கும் நடுவுல நடந்த பேரத்துல வந்த நம்பர் அது. ரிசர்ச் வேற சொல்லிச்சு. 2016ல ஹெகே க்ரிண்டெம்னு நார்வே ஃபிசியோதெரபி ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் ஏசிஎல் ஆபரேஷன் பண்ணின 106 பேர ரெண்டு வருஷம் பின்தொடர்ந்து ஒரு ஸ்டடி போட்டாங்க. ஒம்பது மாசம் வரைக்கும், களத்துக்கு திரும்பறத ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்கால்ல அடிபடற விகிதம் 51 சதவீதம் குறைஞ்சுது. அதோட களத்துக்கு திரும்பறதுக்கு முன்னாடி வைக்கற டெஸ்ட் எல்லாத்துலயும் பாஸ் ஆகி திரும்பினவங்கள்ல 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி அடிபட்டுது, ஃபெயில் ஆகியும் ஆடப் போனவங்கள்ல 38.2 சதவீதம். 106 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், இத வச்சு எல்லாருக்கும் ஒரே தேதி குறிக்க முடியாது. ஆனா அது காட்டற திசையில எனக்கு சந்தேகமே இல்ல. ஏன்னா ஆபரேஷன்ல கிழிஞ்ச ஜவ்வுக்கு பதிலா புதுசா வச்ச அந்த கிராஃப்ட் உடம்புக்குள்ள போய் உடனே ஜவ்வா மாறிடாது, முதல்ல அது பலவீனமாகும், அப்புறம் ரத்த ஓட்டம் வந்து மெதுவா உருமாறும், அதுக்கு ஒரு வருஷமும் ஆகலாம் அதுக்கு மேலயும் ஆகலாம். வலி மட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுது. அந்த இடைவெளியிலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க, வலி இல்லன்னா சரியாயிடுச்சுன்னு நினைக்கறது மனுஷ இயல்பு, ஆடுற புள்ளைங்கள அதுக்காக குத்தம் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ஏசிஎல் கிழிஞ்சா ஆபரேஷன்தான்னு ரொம்ப வருஷம் மந்திரம் மாதிரி சொல்லிட்டு இருந்தோம். ஸ்வீடன்ல காநோன்னு ஒரு ட்ரையல் பண்ணி 2010ல முடிவு வெளியிட்டாங்க, 121 பேரு, பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதல்ல ரீஹேப், அப்புறமும் முட்டி நிலையா நிக்கலன்னா மட்டும் ஆபரேஷன். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரீஹேப் குழுவுல 59 பேர்ல 23 பேருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்பட்டுருந்துது. அதுல தொழில்முறை வீரர்கள சேக்கல, அதனால இவளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனா வாரக்கடைசில ஆடுற ஒருத்தர் முட்டியப் பிடிச்சுக்கிட்டு வந்து உக்காந்தா இந்த ட்ரையல பத்தி அவர்கிட்ட சொல்லாம ஆபரேஷனுக்கு தேதி குடுக்கறது சரியில்லைங்கறது என் கருத்து.

சரி, எண்பது சதவீதம்னு தெரிஞ்சும் நான் ஏன் சரின்னு சொன்னேன். எனக்கு சம்பளம் குடுக்கறது டீம். ஆனா நான் வைத்தியம் பாக்கறது அந்த பொண்ணுக்கு. வெளியில க்ளினிக் வச்சிருக்கற டாக்டருக்கு இந்த சிக்கல் இவ்வளவு இல்ல, எதிர்ல உக்காந்திருக்கறவங்கதான் பேஷன்ட், அவ்ளோதான். டீம் டாக்டருக்கு எதிர்ல பேஷன்ட், பின்னாடி கோச், அவருக்கு பின்னாடி மேனேஜ்மென்ட். ரகசியம் காக்கறதே பெரும்பாடு. ஒரு பையன் தூக்கம் வரல, மனசு சரியில்லன்னு என்கிட்ட சொல்றான், ரெண்டு நாள் கழிச்சு செலக்ஷன் மீட்டிங்ல "அவனுக்கு என்ன பிரச்சனை டாக்டர்"ன்னு கேக்கறாங்க. நான் வாயத் திறந்தா அடுத்த தடவை எவனும் என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டான்.

இது எந்த அளவுக்குப் போகும்னு காட்ட ரெண்டு சம்பவம் போதும். 2009 ஏப்ரல்ல ஹைனெக்கன் கப் ரக்பி காலிறுதி, ஹார்லிக்வின்ஸ் டீம் ஆடுது. டாம் வில்லியம்ஸ்ங்கற வீரர் வாயில போலி ரத்தம் இருந்த கேப்ஸ்யூல கடிச்சு ரத்தக்காயம் மாதிரி காட்டி வெளிய வந்தாரு, ரத்தக்காயம்னா வேற ஆள உள்ள அனுப்பலாம்ங்கற விதிக்காக. அப்புறம் மாட்டிக்கக் கூடாதுன்னு அவரு கேட்டுக்கிட்டதால டீம் டாக்டரே ட்ரெஸ்ஸிங் ரூம்ல அவர் உதட்டைக் கீறி விட்டாங்க. விசாரணை நடந்துச்சு, பயிற்சி இயக்குநருக்கு மூணு வருஷம் தடை, டாக்டர் மெடிக்கல் கவுன்சில் முன்னாடி போய் நின்னாங்க. படிச்சு முடிச்சு, நல்லா வேலை பாத்துட்டு இருந்த ஒரு டாக்டர் அந்த ரூமுக்குள்ள, அந்த சில நிமிஷத்துல அப்படி ஒரு காரியம் பண்ணினாங்கன்னா அங்க இருந்த அழுத்தம் எப்படிப்பட்டதா இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். ரெண்டாவது, 2015 ஆகஸ்ட்ல செல்சி, ஸ்வான்ஸீ மேட்ச். ஈடன் ஹசார்ட் கீழ விழுந்துட்டாரு, ரெஃப்ரி கையசைச்சு கூப்பிட்டதால டாக்டர் ஈவா கார்னெய்ரோவும் ஃபிசியோவும் உள்ள ஓடினாங்க. விதிப்படி ஹசார்ட் கொஞ்ச நேரம் வெளிய போகணும், டீம்ல ஏற்கெனவே ஒரு ஆள் கம்மி. மேட்ச் முடிஞ்சதும் மேனேஜர் மொரின்யோ மெடிக்கல் ஸ்டாஃப்ப வெளிப்படையாவே குறை சொன்னாரு, டாக்டர் ஈவாவோட பொறுப்பு குறைக்கப்பட்டுது, அவங்க கிளப்ப விட்டுப் போனாங்க. 2016 ஜூன்ல கிளப் மன்னிப்பு கேட்டு சமரசம் பண்ணிக்கிச்சு, அவங்க தன் கடமையத்தான் செஞ்சாங்கன்னு கிளப்பே ஒத்துக்கிச்சு. ஒத்துக்கறதுக்கு பத்து மாசம் ஆச்சு. களத்துல விழுந்து கிடக்கறவர பாக்க ஓடினதுக்கு ஒரு டாக்டர் வேலையில இருந்து போக வேண்டி வந்துதுன்னு படிச்ச அன்னிக்கு எனக்கு கோவத்துல கை நடுங்குச்சு, இப்பவும் அத எழுதும்போது கோவம் வருது.

தலையில அடிபட்ட விஷயத்துல மட்டும் நான் யாரோடயும் பேரம் பேசறதில்ல. கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கியிருக்குன்னு சந்தேகம் வந்தாலே அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது, அவ்வளவுதான். 2014 உலகக்கோப்பை ஃபைனல்ல ஜெர்மனி வீரர் கிறிஸ்டோஃப் க்ராமர் 17வது நிமிஷம் தலையில அடிபட்டு, அதுக்கப்புறமும் ஆடிட்டே இருந்தாரு. நடுவுல ரெஃப்ரிகிட்ட போய் இது ஃபைனலான்னு கேட்டிருக்காரு. ரெஃப்ரி சொல்லித்தான் டீமுக்கே தெரிஞ்சுது, 31வது நிமிஷம்தான் வெளிய கூட்டிட்டு வந்தாங்க. உலகமே பாத்துட்டு இருக்கற மேட்ச், எல்லா வசதியும் இருக்கற டீம், அப்படியும் பதினாலு நிமிஷம். யாருமே பாக்காத ஸ்கூல் மைதானத்துல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கிரிக்கெட் இதுல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு, 2019ல சர்வதேச மேட்ச்ல கன்கஷன் சப்ஸ்டிட்யூட் கொண்டு வந்தாங்க, அந்த வருஷ ஆஷஸ்ல லார்ட்ஸ்ல ஸ்டீவ் ஸ்மித்துக்கு பதிலா லபுஷேன் இறங்கினதுதான் முதல் தடவை. அந்த விதி டாக்டருக்கு எவ்வளவு பெரிய பலம் தெரியுமா, ஆள வெளிய எடுத்தா டீமுக்கு ஒரு ஆள் குறையும்ங்கற பயம் போயிடுச்சு, அப்ப வேண்டாம்னு சொல்றது எவ்வளவோ லேசாயிடுது. ஃபுட்பால்ல நிரந்தர கன்கஷன் மாற்று வந்திருக்கு, ஆனா ரக்பில இருக்கற மாதிரி தற்காலிகமா வெளிய கூட்டிட்டுப் போய் நிதானமா பரிசோதிக்கற ஏற்பாடு பொது விதியா இன்னும் வரல. கூச்சல் போடற கூட்டத்துக்கு நடுவுல புல்தரையில மண்டி போட்டுக்கிட்டு ஒருத்தரோட மூளையப் பத்தி அவசர அவசரமா முடிவு எடுன்னு சொல்றது அநியாயம்.

அதே கன்கஷன்ல நாங்க எங்களயே திருத்திக்கிட்டதும் உண்டு. நான் படிச்ச காலத்துல இருட்டு ரூம், ஃபோன் கூடாது, டிவி கூடாது, தலைவலி முழுசா போற வரைக்கும் படுத்திருன்னு சொல்லுவோம். சின்னப் புள்ளைங்க பத்து நாள் இருட்டுல கிடந்து மனசு ஒடிஞ்சு போயிருக்குதுங்க. 2019ல அமெரிக்காவுல ஜான் லெடி குழு வளரிளம் வயசு விளையாட்டுப் பிள்ளைங்க 103 பேர வச்சு ட்ரையல் பண்ணினாங்க, அறிகுறி கூடாத அளவுக்கு லேசா நடை, சைக்கிள்னு ஆரம்பிச்சவங்க சராசரியா 13 நாள்ல தேறினாங்க, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணினவங்களுக்கு 17 நாள் ஆச்சு. 2022ல ஆம்ஸ்டர்டாம்ல கூடி அடுத்த வருஷம் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல்லயும் அதான், முதல் ரெண்டு நாள் அளவான ஓய்வு, அப்புறம் லேசான அசைவு, படிப்படியா மேல. ஸ்க்ரீன் நேரத்தையும் முதல் ரெண்டு நாள்தான் குறைக்கச் சொல்றாங்க. இத நான் பழைய பேஷன்ட் ஒருத்தரோட அம்மாகிட்ட சொன்னப்ப "அப்ப அன்னிக்கு அவன படுக்கப் போட்டது தப்பா டாக்டர்"னு கேட்டாங்க. ஆமாம்மா, அன்னிக்கு எங்களுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருந்துதுன்னு சொன்னேன். அப்படிச் சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்லைன்னு நினைக்கறேன், சொல்லாம மறைச்சாத்தான் வெக்கம்.

எங்களோட தப்பு எப்பவும் அவசரப்பட்டு சரின்னு சொல்றது மட்டும் இல்ல, தேவையில்லாம வேண்டாம்னு சொன்ன கதையும் இருக்கு. இதயத்துடிப்பு ஆபத்தா தடம் மாறினா ஷாக் குடுத்து சரி பண்ற ஐசிடி கருவிய உடம்புல வச்சவங்க வேகமான விளையாட்டு எதுவும் ஆடக்கூடாதுன்னு ரொம்ப காலம் இருந்துச்சு. ஷாக் சரியா வேலை செய்யாதோன்னு ஒரு பயம், ஆனா அந்த பயத்துக்கு பின்னாடி தரவு பெருசா இல்ல. 2013ல ரேச்சல் லாம்பர்ட் குழு, டாக்டர் பேச்சையும் மீறி ஆடிட்டே இருந்தவங்க உட்பட ஐசிடி வச்ச 372 வீரர்கள பதிவேட்டுல வச்சுப் பாத்து வெளியிட்டாங்க. ஆடும்போது ஷாக் வாங்கினவங்க இருந்தாங்க, ஆனா ஆடினதால ஒருத்தரும் சாகல. அதுக்கப்புறம்தான் கதவு மெல்லத் திறந்துச்சு. 2021 ஜூன் 12, யூரோ ஃபுட்பால் மேட்ச்ல டென்மார்க் வீரர் எரிக்ஸன் சுருண்டு விழுந்தத நானும் நேரலையில பாத்தேன், களத்துலயே ஷாக் குடுத்து உயிர மீட்டாங்க. ஐசிடி வச்ச பிறகு இத்தாலி விதிப்படி அவரால அங்க தன் கிளப்பான இன்டர்ல ஆட முடியல, இங்கிலாந்துல ப்ரென்ட்ஃபோர்டுல ஆடினாரு, விழுந்து 259 நாள் கழிச்சு. அதே இதயம், அதே கருவி, ஒரு நாட்டுல முடியாது, இன்னொரு நாட்டுல முடியும். அப்ப இது வெறும் மருத்துவக் கேள்வி கிடையாதுன்னு புரியுதுல்ல. எவ்வளவு ஆபத்த ஏத்துக்கலாம்ங்கறத யாரு முடிவு பண்றது? என் கருத்து, விவரம் முழுசா தெரிஞ்ச வயசு வந்த ஒருத்தர் தன் இதயத்தப் பத்தி எடுக்கற முடிவுக்கு இடம் குடுக்கணும், நான் கூட உக்காந்து எனக்குத் தெரிஞ்சதும் தெரியாததும் ரெண்டையும் சொல்லணும். ஆனா அடிபட்ட மூளையே முடிவெடுக்க முடியாத நிலையில இருக்கும்போது கன்கஷன்ல அந்த நியாயம் செல்லாது, அதனாலதான் அங்க நான் பேரம் பேசறதில்லன்னு சொன்னேன்.

இப்ப ரிசர்ச்சோட தரம். இது வெளிய அதிகம் பேசப்படாத விஷயம், ஆனா எங்களுக்குள்ள பெரிய சண்டை. எங்க துறையில சாம்பிள் சின்னது, ஒரு டீம்னா இருபத்தஞ்சு பேரு, அத வச்சு பேப்பர். சின்ன சாம்பிள்லயும் ஏதாவது முடிவு சொல்லணும்னு ஹாப்கின்ஸ், பேட்டர்ஹாம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புள்ளியியல் முறை கொண்டு வந்தாங்க, எங்க ஆளுங்க நிறைய பேரு அத எடுத்துக்கிட்டாங்க, ஸ்டான்ஃபோர்ட்ல இருக்கற கிறிஸ்டின் சைனானி 2018ல அந்த முறையில பொய்யான பாசிட்டிவ், அதாவது இல்லாத பலன இருக்குன்னு காட்டறது எவ்வளவு கூடுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அதே மாதிரி பயிற்சி பளு விகிதம். இந்த வாரம் பண்ணின பயிற்சிய கடைசி நாலு வார சராசரியால வகுத்தா 0.8ல இருந்து 1.3க்குள்ள இருந்தா நல்லது, 1.5 தாண்டினா ஆபத்துன்னு 2016ல டிம் கேபெட்ங்கற ஆராய்ச்சியாளர் எழுதினதுக்கு அப்புறம் அது எல்லா டீம் லேப்டாப்லயும் ஏறிடுச்சு. நானும் ரெண்டு சீசன் அந்த சிவப்பு பச்சை கலர பாத்துத்தான் ஆள நிறுத்தினேன், ஆடவிட்டேன். அப்புறம் இம்பெல்லிஸெரி மாதிரி ஆராய்ச்சியாளர்கள் அந்த விகிதத்தோட கணக்கே ஆட்டம் காணுதுன்னு, அத மாத்தினா காயம் குறையும்னு நிரூபணம் இல்லன்னு எழுதினாங்க. பளுவ திடீர்னு ஏத்தாதேங்கற பழைய அறிவு தப்பில்ல, ஆனா 1.49னா ஆடலாம் 1.51னா கூடாதுன்னு ஒரு புள்ளையோட மேட்ச நான் தீர்மானிச்சேன் பாருங்க, அதுக்கு அந்த நம்பர் தகுதியானது கிடையாது.

ஊசி பத்தி சுருக்கமா. தன் ரத்தத்தையே எடுத்து சுத்தி ப்ளேட்லெட்ட பிரிச்சு வலிக்கற இடத்துல போடற பிஆர்பி. குதிகால் மேல இருக்கற அக்கிலிஸ் நாண் வலிக்கு 2010ல 54 பேர்கிட்ட பண்ணின ட்ரையல்ல உப்புத்தண்ணி ஊசிய விட அது மேல்னு வரல. முழங்கால் தேய்மானத்துக்கு 2021ல 288 பேர்கிட்ட, அங்கயும் அதே கதை. இன்னும் விளம்பரம் ஓடுது. காசு இருக்கறவங்களுக்கு காசுதான் போகும், ஆனா அதுக்காக தசைய பலப்படுத்தற பயிற்சிய விட்டுட்டு காத்திருக்கறவங்களுக்கு மாசக்கணக்கா நேரமும் போகுது, அதான் எனக்கு தாங்கல.

திரும்ப அந்த பொண்ணுகிட்ட வர்றேன். ஒரே விளையாட்டுல ஆம்பளைங்கள விட பொண்ணுங்களுக்கு ஏசிஎல் ரெண்டு மூணு மடங்கு அதிகமா கிழியுது. ஆனா 2014ல இருந்து 2020 வரைக்கும் முக்கியமான ஆறு ஜர்னல்ல வந்த 5,261 ஆய்வுகள எண்ணிப் பாத்ததுல கலந்துக்கிட்டவங்கள்ல பொண்ணுங்க 34 சதவீதம்தான், பொண்ணுங்கள மட்டும் வச்சு பண்ணினது வெறும் 6 சதவீதம். அப்ப அவளுக்கு நான் சொன்ன பாதி விஷயம் இருபது வயசு பசங்கள அளந்து எடுத்த கணக்கு. மாதவிடாய் நின்னு போனா பயிற்சி நல்லா போகுதுன்னு அர்த்தம்னு இன்னும் சொல்ற பயிற்சியாளர்கள நான் நேர்லயே பாத்திருக்கேன், உண்மையில அது உடம்புக்கு சக்தி பத்தலைங்கறதுக்கான அலாரம், எலும்பு தேஞ்சு கீறல் விழும், ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இத ரெட்-எஸ்னு பேரு வச்சு எழுதியாச்சு. இத கேக்கக் கூச்சப்படற டாக்டர்களும் இருக்கோம், நானும் முதல்ல அப்படித்தான் இருந்தேன், இப்ப முதல் சந்திப்புலயே கேட்டுடறேன்.

இதுல ரொம்ப வருத்தமானது, தடுக்கற வழி கையில இருந்துச்சு. 2008ல நார்வேல 13ல இருந்து 17 வயசு பொண்ணுங்க 1,892 பேர்கிட்ட இருபது நிமிஷ வார்ம் அப் ஒண்ண சோதிச்சாங்க, இப்ப ஃபிஃபா 11 ப்ளஸ்னு சொல்றோமே அது. மொத்த காயம் மூணுல ஒரு பங்கு கிட்ட குறைஞ்சுது, கடுமையான காயம் பாதிகிட்ட குறைஞ்சுது. மெஷின் வேண்டாம், பந்தும் மைதானமும் போதும். எங்க டீம்ல அத நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்திருந்தேன், வாரத்துல ஒரு நாள் பண்ணினாங்க, அப்புறம் நேரமில்லன்னு விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன். நான் போய் நின்னு பண்ண வச்சிருக்கணும்.

அவளுக்கு ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு பன்னெண்டாவது மாசம் டெஸ்ட் எடுத்தோம். இந்த தடவை அவ தேதி கேக்கல, "எத்தன சதவீதம் டாக்டர்"னு கேட்டா. தொண்ணூத்தி நாலு. மறுபடி ஆடறா, முன்ன மாதிரி திசை மாத்தறதுல ஒரு சின்ன தயக்கம் தெரியுது, அது முட்டியில இல்ல மனசுல இருக்கு, அதுக்கு தனியா ஒரு சைக்காலஜிஸ்ட்ட பாத்துட்டு இருக்கா.

நான் புது சீசன் கான்ட்ராக்ட்ல ஒரு வரி சேக்கச் சொல்லி கேட்டிருக்கேன். உடல்தகுதி முடிவு டாக்டரோடது, அந்த முடிவுக்காக டாக்டர் மேல நடவடிக்கை எடுக்கக் கூடாது, கோச்சுக்கு ஆடலாம் ஆடக்கூடாதுங்கறத மட்டும் சொல்லுவேன், காரணம் பேஷன்ட் சம்மதிச்சாத்தான். மூணு வாரமாச்சு, பரிசீலனையில இருக்குன்னு சொல்றாங்க. சனிக்கிழமை மேட்ச் இருக்கு. ஒரு பையனுக்கு போன வாரம் தலையில இடி, படிப்படியா ஏத்திட்டு வந்ததுல இன்னும் ரெண்டு படி பாக்கி. கோச்சுக்கு இன்னிக்கு காலையில மெசேஜ் போட்டுட்டேன், இந்த சனிக்கிழமை அவன் கிடையாது. டபுள் டிக் விழுந்திருக்கு, பதில் வரல.